இலை போட்டாச்சு, வாங்க!

சாப்பாட்டு ராமன் என்கிறார்களே, அதற்குப் பெண்பால் என்ன என்று தமிழ் வாத்தியாரைக் கேட்டால் யோசிப்பார். எங்கள் வீட்டில் கேட்டால் யோசிக்காமல் என்னைக் கைகாட்டி விடுவார்கள். ‘சாப்பாடு தயார்’ என்று கரும்பலகையில் சாக்குக்கட்டியால் எழுதி வாசலில் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டால் போதும், என் கால் தானாக நின்றுவிடும். “இப்பத்தானே டிபன் சாப்பிட்டே?” என்பார் இவர். டிபன் வேறே, சாப்பாடு வேறே இல்லையா?

பட்டியலைப் பார்த்து இது ஒண்ணு, அது ரெண்டு என்று சொல்லி வரவழைக்கிற ஓட்டல்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. காரணம் கேட்டால் உங்களுக்குச் சட்டென்று புரியும். ராத்திரி படுக்கும்போதே “நாளைக்கு என்ன சமைக்கிறது?” என்ற கவலையோடு படுக்கிறவர்கள் நாம். ஓட்டலுக்குப் போயும் “என்ன வேணும்மா?” என்று ஒருத்தர் பென்சிலோடு வந்து நின்றால் எப்படி இருக்கும்? சாப்பாட்டுக் கடையில் அந்தத் தொல்லையே இல்லை. டோக்கன் வாங்கு, உட்காரு, இலையைக் கழுவு. அவ்வளவுதான். என்ன பொரியல், என்ன கூட்டு என்பதெல்லாம் அவர்கள் பாடு. இன்னொருத்தர் யோசித்து, இன்னொருத்தர் சமைத்து, சுடச்சுட இன்னொருத்தர் பரிமாறுகிறார். இதைவிடப் பெரிய சுகம் உண்டா, சொல்லுங்கள்!

இத்தனை வருஷ அனுபவத்தில் சில ரகசியங்கள் பிடிபட்டிருக்கின்றன. பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டரைக்குள் போய்விட வேண்டும். ரசம் அப்போதுதான் ரசமாக இருக்கும். இரண்டு மணிக்கு மேல் அது வெந்நீருக்குச் சொந்தக்காரியாகிவிடும். முதல் தடவை சாதம் மலை மாதிரி கொட்ட வருவார்கள். கையைக் குறுக்கே நீட்டி, “கொஞ்சமாப் போடுங்க, அப்புறம் வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சாம்பாரோடு வயிறு நிறைந்துவிடும், வத்தக்குழம்பையும் மோரையும் வேடிக்கைதான் பார்க்கலாம். ‘அளவுச் சாப்பாடு’ என்று போட்டிருந்தால் இரண்டாம் தடவை கேட்டு முகம் சுளிக்க வைக்காதீர்கள். அளவில்லாத சாப்பாட்டில் கூச்சப்படவே கூடாது. பொரியல்காரர் இரண்டாம் சுற்று வரத் தாமதிப்பார், அது அவர்கள் தொழில் நுணுக்கம்! கண்ணோடு கண் பார்த்து ஒரு தலையசைப்பு, வந்துவிடுவார்.

கைக்குழந்தைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நடைபாதை ஓரத்து இடத்தில் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். கொதிக்கிற சாம்பார் வாளி சரியாகக் குழந்தையின் தலை உயரத்தில்தான் போய்வந்துகொண்டிருக்கும். சுவரோரமாக உட்காருங்கள். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

இதெல்லாம் தெரிந்த எனக்கு, இருபத்தெட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கும் என் மாமியாரைப் பற்றி ஒரு விஷயம் தெரியாமல் போனதைத்தான் இந்தத் தடவை சொல்ல வந்தேன்.

அத்தைக்கு வயது எழுபத்தாறு. ஓட்டல் என்று சொல்ல மாட்டார், இன்றைக்கும் ‘கிளப்புக் கடை’தான். அவர் சிறு பெண்ணாக இருந்தபோது அந்தக் கடைகளின் நிலைமையே வேறு. இன்ன சாதிக்கு இன்ன இடம் என்று பிரித்து உட்கார வைத்த காலம் ஒன்று இருந்தது. பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957இல் சென்னையில் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. பெண்பிள்ளைகளுக்கோ எந்தப் பக்கமும் இடமில்லை. பிறகு ‘குடும்ப அறை’ என்று தட்டி வைத்து, திரை போட்டு மறைத்தார்கள். நானே கல்யாணமான புதிதில் அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, மேலே காத்தாடிகூட இல்லாமல், வியர்த்துக் கொட்டத் தோசை தின்றிருக்கிறேன். மாமா உயிரோடு இருந்தவரை வெளியூர் போனால் அவர் இறங்கிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாராம். அத்தை பஸ்ஸிலேயே உட்கார்ந்து கட்டுச்சாதத்தைப் பிரிப்பாராம். “எனக்கு அதெல்லாம் ஒத்துக்காதும்மா” என்பார். நானும் ஆசாரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருக்குக் கண் பரிசோதனை. திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் காலையில் போனவர்கள், சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, வெளியே வரும்போது மணி பன்னிரண்டே முக்கால். அத்தைக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை உண்டு, பசி தாங்க மாட்டார். எதிர்ச் சந்தில் எனக்குத் தெரிந்த ஒரு சாப்பாட்டுக் கடை. “அத்தே, இன்னைக்கு ஒரு நாள்” என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டேன்.

நீள மேஜை, வாழையிலை. நுனி இடப்பக்கம் வரும்படி அவரே திருப்பிப் போட்டுக்கொண்டார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார். கேரட் பீன்ஸ் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, வெங்காயப் பச்சடி, ஊறுகாய், அப்பளம். சாதம் வந்தது, பருப்பு வந்தது, ஒரு சொட்டு நெய் விழுந்தது. அத்தை தலை நிமிரவே இல்லை. சாம்பார் முடிந்து வத்தக்குழம்பு வாளி வந்தது. ஒரு வாய் சாப்பிட்டவர் நின்றார். “சுண்டைக்காயை நல்லெண்ணெயிலே வறுத்திருக்கான்” என்றார் என்னிடம். பரிமாறுகிற பையன் மறுபடி வந்து, “பாட்டி, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?” என்றான்.

அத்தை இலை மேல் கையை விரித்து மறைத்தார். வாய் “போதும், போதும்” என்றது. பிறகு அண்ணாந்து அவனைப் பார்த்துக் கேட்டார்: “மத்தவங்களுக்கெல்லாம் இருக்காப்பா?”

பையனுக்குப் புரியவில்லை. “உள்ளே அண்டா நிறைய இருக்கு பாட்டி” என்று சிரித்தான். எனக்குத்தான் தொண்டையை அடைத்தது. ஐம்பத்தைந்து வருஷம் எல்லாருக்கும் போட்டுவிட்டு, அடியில் ஒட்டியிருக்கிறதைச் சுரண்டிச் சாப்பிட்டவர். அவர் இரண்டாம் தடவை எதையும் வாங்கி நான் பார்த்ததே இல்லையே! சின்னச் சாப்பாடு அவருக்கு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்றைக்கு வத்தக்குழம்பு இரண்டு தடவை, ரசம் மூன்று தடவை, அதில் ஒன்றைக் கையில் ஏந்தியே குடித்தார். முடிந்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு, “ஒத்துக்காதுன்னு யாரு சொன்னா?” என்று என்னையே கேட்டாரே பார்க்கலாம்!

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது, “அம்மாவா? ரசமா? மூணு தடவையா?” என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

சரி, இவ்வளவு ஆசையாகச் சாப்பாட்டுக் கதை சொல்கிறாளே, உடம்பு என்ன ஆவது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எனக்கும் கேள்வி வந்தது. போன வருஷம் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை வியாதிக்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் வியாதியே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு சென்னை நிபுணர்களோடு சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட கணக்குப்படி நம் நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் பத்துக் கோடிக்கும் மேல். அந்தக் கூட்டத்தில் சேர எனக்கு ஆசையில்லை. சாப்பாட்டுக் கடைக்கு முழுக்குத்தான் என்று அழாத குறையாக டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போங்க. ஆனா சாப்பிடற வரிசையை மாத்துங்க” என்றார்.

சாதம் வருவதற்கு முன்பே பொரியல், கூட்டு இரண்டையும் காலி செய்துவிட வேண்டும். பருப்பையும் தனியாக ஒரு கரண்டி கேட்டுச் சாப்பிடலாம். காயும் பருப்பும் முதலில் உள்ளே போனால் பின்னால் வரும் சாதத்தின் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறுகிறது. பிறகு சாதம் மொத்தமாகவே இரண்டு கரண்டி. அதையே சாம்பாருக்கு, குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்குப் பங்கு போட வேண்டும். இது பெரிய சாமர்த்தியம், நம்மைப்போல் இருக்கிற காசில் மாதத்தை ஓட்டுகிறவர்களுக்கு வரும். பாயசம் இரண்டு ஸ்பூன். முடிந்ததும் ஆட்டோவைக் கூப்பிடாமல் கால் மணி நேரம் நடை. வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் கருவியில், சாப்பிட்டு இரண்டு மணி கழித்து முன்பு 186 காட்டியது, இப்படிச் சாப்பிட்ட நாளில் 149. ஒரு நாள் கணக்கை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் மனசுக்குத் தெம்பாக இருந்தது. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் சாதத்தைக் குறைக்காதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும், அது இன்னும் ஆபத்து.

அத்தைக்கு உப்புதான் எதிரி. ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாகத்தான் உப்பு சேரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், வத்தல் மூன்றும் சேர்ந்தால் அதில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். ஊறுகாயை விட்டுவிட்டார். அப்பளத்தை விடச் சொன்னால் என்னை விட்டுவிடுவார்!

இந்த இடத்தில் பெங்களூர் ஞாபகம் வருகிறது. லால்பாக் சாலையில் இருக்கிற, 1924இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸ், எம்.டி.ஆர். என்றால்தான் தெரியும். அங்கேயும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருந்து உட்கார்ந்தால், அவர்கள் கொண்டு வருகிறபடிதான் சாப்பிட வேண்டும். கோசம்பரி, பல்யா, பிசிபேளாபாத் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். இரண்டாம் உலகப் போரில் அரிசி தட்டுப்பட்டபோது ரவையில் இட்லி செய்து பார்த்ததும் தாங்கள்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள். போன தடவை அங்கே சாப்பிட்டபோது அத்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அவருக்கு ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கி வந்தேன், அதுவே பெரிய காரியம் என்று நினைத்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு புது ஏற்பாடு. சமையல் நான்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அத்தையும் நானும் முதல் பந்தி. இவரும் பையனும் பரிமாற வேண்டும். முதல் வாரம் இவர் சாம்பாருக்கு முன்னால் ரசத்தைக் கொண்டுவந்தார், பையன் நெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்தான். அத்தை இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தார். “நீங்க உக்காருங்க அத்தே” என்று முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து எழுந்திருப்பதில்லை. “டேய், கூட்டு இந்தப் பக்கம் வரலையே” என்று கூப்பிடவே ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த மாதம் கண்ணுக்குத் திரும்பப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். நேற்று அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு கேட்கிறார்: “ஏம்மா, அந்தக் கடையிலே வெள்ளிக்கிழமைதானே வடை பாயசம்? டாக்டர்கிட்டே சொல்லித் தேதியை மாத்த முடியாதா?”