கேமரா அணைந்த வகுப்புகள்

இந்தியத் திறன் பணியாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்த ஜெர்மனி 2024இல் முடிவெடுத்தது. அந்த நம்பிக்கையில் நம் செவிலியர் பலர் கடன் வாங்கிப் பணம் கட்டி, இரவுப் பணி முடிந்த கையோடு செல்பேசியில் ஜெர்மன் வகுப்புக்கு வருகிறார்கள். அங்கே நடப்பது கவலை தருகிறது. கேமராவும் மைக்கும் அணைந்திருக்கின்றன. ஆசிரியர் திரையில் 'டேர், டீ, தாஸ்' என்ற இலக்கண அட்டவணையை வாசித்துக்கொண்டே போகிறார். 'புரிந்ததா?' என்றால் சாட்டில் வரிசையாக 'யெஸ் மேம்'. வகுப்பு முடிகிறது, ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. பாடம் எட்டாத உயரத்தில் இருந்தாலும், தெரிந்ததையே திரும்பச் சொன்னாலும், இதனால் என்ன பயன் என்று தோன்றினாலும் சலிப்பு வரும் என்கிறார் உளவியலாளர் ராய்ன்ஹார்ட் பெக்ருன். புதிதாகச் சேர்ந்தவரையும் இரண்டாம் முறை படிப்பவரையும் ஒரே திரையில் அடைத்தால் இந்த மூன்று காரணங்களும் சேர்ந்தே வரும்.

இதன் விலை தேர்வில் தெரிகிறது. ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெற, ஜெர்மன் மொழியில் பொதுவாக பி2 நிலை வேண்டும். கோதே நிலையம் நடத்தும் அந்த நிலைத் தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுத்தாக வேண்டும். முதல் மூன்றை வீட்டில் தனியாக ஓரளவு பழகிவிடலாம். பேசுவதற்கு எதிரே ஆள் வேண்டும். அந்த ஆளைத் தரவேண்டிய வகுப்புதான் ஊமையாகிக் கிடக்கிறது.

கேமராவைக் கட்டாயமாக்குவது தீர்வல்ல. விடுதி அறையில் நால்வரோடு தங்கியிருப்பவருக்கு அது கூச்சத்தைத்தான் கூட்டும். அதற்குப் பதிலாக, மூன்று மூன்று பேராகப் பிரித்து இணைய வகுப்பிலேயே தனி அறைகளில் விடுங்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் செவிலியர்: 'வோ டூட் எஸ் வே?', எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, மாத்திரை போட்டீர்களா? மூன்றாமவர் அதைக் கேட்டு, அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைப்பதுபோல் ஜெர்மனில் சொல்லட்டும். தினமும் வார்டில் செய்யும் வேலை இது; அலுக்காது. இலக்கண அட்டவணையை முன்கூட்டியே காணொளியாக அனுப்பிவிடலாம்.

ஐம்பது பேரை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியராலும் இதைச் செய்ய முடியாது. இருண்ட கட்டங்களைப் பார்த்துப் பேசிப் பேசி ஆசிரியர்களும் சோர்ந்துவிட்டார்கள். ஆகவே பொறுப்பு பயிற்சி நிறுவனங்களுக்குத்தான். அரசுப் பணத்தில் நடக்கும் பயிற்சிகளிலாவது, வகுப்புக்கு இத்தனை பேர்தான், ஒவ்வொருவரும் இத்தனை நிமிடம் பேசியாக வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்துக் கட்டணத்தை விடுவிக்கும் வழக்கம் இந்தப் பருவத்தோடு நிற்கட்டும்.