அளவுகோலுக்கு முன்னே நிற்பவர் யார்?

இறந்த ஒருவர் ஈந்த கல்லீரல் ஒன்று; காத்திருப்போர் பலர். ஈரற் புற்றுநோயாளருள் அதனை யாருக்கு அளிப்பது? 1996 இல் மிலான் நகர மருத்துவர்கள் விடை வகுத்தனர். கட்டி ஒன்றாயின் 5 சென்டிமீற்றரை மீறலாகாது. மூன்று வரையெனின் ஒவ்வொன்றும் 3 சென்டிமீற்றருக்குள் அடங்க வேண்டும். இரத்தக் குழாய்களிலோ பிற உறுப்புகளிலோ நோய் பரவியிருத்தலாகாது. இவ்வெல்லைக்குள் நிற்போருள் நான்கில் மூன்று பங்கினர் நான்காண்டுகளின் பின்னும் உயிர்வாழ்வர் என அவர்கள் கண்டனர்.

இவ்வளவுகோலை நாம் பழிக்கவில்லை. பரவிவிட்ட நோய்க்கு ஈரலை அளித்தால், பிழைக்கக்கூடிய இன்னொருவர் மடிவார். 1960களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், செயற்கைச் சிறுநீரகம் யாருக்கென்று தீர்ப்பளித்த குழு, நோயாளியின் வருமானத்தையும் தேவாலயத் தொடர்பையும் கூட எடைபோட்டது. அந்த இழிவுக்குச் சென்டிமீற்றர் எவ்வளவோ மேல்.

ஆயினும் கேட்கிறோம்: கட்டி சிறிதாயிருக்கும்போதே அதனைக் கண்டுகொள்ளும் வாய்ப்புப் பெற்றவர் யார்?

ஈரற் சுருக்கநோய் உள்ளோர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது மருத்துவ விதி. கண்டி நகரத்து உத்தியோகத்தருக்கு அது ஒரு காலைப்பொழுதின் அலுவல். கலஹாவிலோ தெல்தோட்டையிலோ நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ ஒருநாட் சம்பளமும் பஸ் கட்டணமும் போகும். வலி பொறுக்க முடியாமற் போன பின்னரே அவள் வைத்தியசாலை வாசலை மிதிக்கிறாள். அப்போது அளவுகோல் அவளை விலக்குகிறது. உண்மையில், லயத்துக்கும் வைத்தியசாலைக்கும் இடைப்பட்ட தூரம் அவளை முன்னரே விலக்கிவிட்டதன்றோ?

“குடித்துக் கெட்டவர்கள்தாமே” என்பார் சிலர். மதுவையே தொடாதவரையும் நீரிழிவு, உடற்பருமன் வழியாக இந்நோய் பற்றுகிறது. குடித்தவரும் மனிதரே; ஒழுக்கத் தீர்ப்புக் கூறுதல் வைத்தியரின் தொழிலன்று.

இயலாமை என்னும் சாக்கும் செல்லாது. 2017 இல் இந்நாட்டின் முதலாவது இதயமாற்றுச் சிகிச்சை கண்டி வைத்தியசாலையிலேயே நிகழ்ந்தது. இதயத்தையே மாற்றிப் பொருத்த முடிந்த நாட்டுக்கு, கையிலேந்திச் செல்லும் ஸ்கேன் கருவியை மலைத் தோட்டங்களுக்கு ஏற்றிச்செல்லவா முடியாது?

தோட்டந்தோறும் ஆறு மாதத்துக்கொரு முறை பரிசோதனை வேண்டும். அந்நாளுக்குரிய கூலி வெட்டப்படலாகாது. தெரிவு விதிகள் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். பேராதனையிற் பயிலும் மாணவ நண்பர்களே, ஹந்தானை மலை உங்கள் கண்ணெதிரே நிற்கிறது. அதன் லயங்களிலிருந்து இக்கோரிக்கையைத் தொடங்குங்கள்.