ஆப் சொல்லும் வாடகை, லீஸ் சொல்லும் வாடகை

"அக்கா, வாடகைக்கு விடுற மாதிரி ஒரு வீடு வாங்கப் பாக்கிறம். எந்த ஆப் நல்லது?"

இந்தக் கேள்வி சென் றெஜிஸ் முருகன் கோயில் கார் பார்க்கில் ஒருமுறை வந்தது. பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு வாசலில் ஒருமுறை. வாட்ஸ்அப்பில் இரண்டு முறை. கேட்பவர்கள் எல்லாரும் நம் வயதுக்காரர்கள், இங்கேயே படித்து வளர்ந்து இப்போது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள். அப்பாவின் வீடு கடன் முடிந்து நிற்கும். அதன் மேல் வங்கியில் கடன் எடுத்து முற்பணம் கட்டலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கெட்ட யோசனை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அப்பா ஓவர்டைம் செய்து செய்து மீட்ட வீட்டைத்தான் திரும்பவும் பணயம் வைக்கிறோம். அதனால் இந்த முறை ஆப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தேடுவதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. முகவர்கள் மூலம் விற்பனைக்கு வரும் வீடுகளுக்கு சென்ட்ரிஸ், உரிமையாளரே நேரடியாக விற்பவற்றுக்கு டுப்ரோப்ரியோ. இரண்டையும் போனில் போட்டு அறிவிப்பை வைத்துவிடுங்கள், போதும். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் பெரும்பாலும் தனிவீடுகள்தான். அதனால் வாடகைக்கென்று தேடுபவர்கள் கொண்டோ, டவுன்ஹவுஸ் பக்கம் போகிறார்கள், அல்லது பியர்ஃபொன், லசால் டுப்ளெக்ஸ்களுக்குத் தாண்டுகிறார்கள். "ரெம் ரயிலுக்கு அருகில்" என்று விளம்பரத்தில் இருந்தால் ட்ரான்சிட் ஆப்பில் அந்த முகவரியைப் போட்டு, திங்கட்கிழமை காலை ஏழரைக்கு சனிப்ரூக் நிலையத்துக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 2025 நவம்பர் 17 முதல் அந்தப் பாதை ஓடுகிறது. முகவரின் 'அருகில்' ஜனவரிப் பனியில் எவ்வளவு தூரம் என்பது அப்போது தெரியும். (ட்ரான்சிட் நம்ம மொன்றியலில் செய்த ஆப், அந்தப் பெருமையும் எனக்கு உண்டு.)

ரொறன்ரோ சொந்தங்கள் ஹவுஸ்சிக்மாவைத் திறந்து பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று காட்டுவார்கள். கியூபெக்கில் சென்ட்ரிஸ் விற்ற விலையைப் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை. அதற்காக அது ரகசியமும் இல்லை. மாகாணக் காணிப் பதிவகம் இணையத்தில் இருக்கு. சிறு கட்டணம் கட்டினால் அந்த வீட்டின் விற்பனை உறுதியையே பார்க்கலாம். யார் எந்த ஆண்டு என்ன விலைக்கு வாங்கினார், அதன் மேல் என்ன அடமானம் இருக்கு, எல்லாம் அதில் வரும். தேடுவதற்குக் காணி இலக்கம் வேணும். அது மொன்றியல் நகரசபையின் மதிப்பீட்டுப் பட்டியலில் இலவசமாகவே கிடைக்கும். நம் ஊர் 2006இல் மொன்றியலை விட்டுப் பிரிந்துவிட்டாலும் மதிப்பீடு தீவு முழுவதுக்கும் ஒன்றுதான். 2026 முதல் 2028 வரையான பட்டியல் 2024 ஜூலை 1 சந்தை நிலையை வைத்துப் போட்டது என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள். உறுதிகள் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் இருக்கும். அம்மா அப்பாவுக்கு அது மதில். 101ஆம் சட்டம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய நமக்கு அது வெறும் அரை மணி நேர வாசிப்பு. பள்ளியில் முணுமுணுத்தபடி படித்த பிரெஞ்சுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

அடுத்தது கணக்குப் போடும் ஆப்கள். டீல்செக் போன்றவை அழகாக இருக்கும். விலை, வாடகை, வரி போட்டால் மாதம் எவ்வளவு கையில் மிஞ்சும் என்று பச்சை நிறத்தில் காட்டும். அவை அமெரிக்காவில் பிறந்தவை. அங்கே முப்பது வருடத்துக்கு ஒரே வட்டி என்பது வழக்கம். நமக்கு ஐந்து வருடத்தில் புதுப்பிக்க வேணும். 5,00,000 டொலர் கடன், 25 வருடம், 2 சதவீத வட்டி என்று வைப்போம். மாதக் கட்டணம் ஏறக்குறைய 2,117 டொலர். ஐந்து வருடம் கழித்து மிச்சக் கடனை 5 சதவீதத்தில் புதுப்பித்தால் அது 2,752 ஆகிறது. மாதம் 635 டொலர் கூட. இது கற்பனைப் பயமுறுத்தல் இல்லை. கனடா வங்கியின் வட்டி 2022 தொடக்கத்தில் 0.25 சதவீதம், 2023 ஜூலையில் 5 சதவீதம். அந்த இடைவெளியில் எத்தனை வீடுகளில் இரவுச் சாப்பாட்டு மேசையில் சத்தம் கேட்டது என்று நமக்குத் தெரியும்தானே. அதனால் எந்த ஆப்பில் கணக்குப் போட்டாலும் இரண்டு தரம் போடுங்கள்: இன்றைய வட்டிக்கு ஒன்று, அதைவிட 2 சதவீதம் கூட வைத்து ஒன்று. அப்பாவின் வீட்டின் மேல் எடுக்கும் கடனுக்கும் வட்டி உண்டு, அது பெரும்பாலும் மாறும் வட்டி. ஆப்பில் அதற்கு ஒரு கட்டம் இல்லாவிட்டால் 'இதர செலவு' என்ற இடத்தில் எழுதிவிடுங்கள்.

இனி வாடகை. நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைத்தான். ஆப் 'இந்தப் பகுதியில் வாடகை 1,900' என்று காட்டும். அங்கே இருக்கும் குடும்பம் 1,150 கட்டிக்கொண்டிருக்கும். வருடத்துக்கு 9,000 டொலர் வித்தியாசம். "வாங்கின பிறகு கூட்டலாம்தானே" என்பார்கள். கியூபெக்கில் வீடு கைமாறினாலும் லீஸ் மாறுவதில்லை. புதிய உரிமையாளர் பழைய லீஸை அப்படியே ஏற்க வேண்டும். கூட்டக் கேட்டால், குடியிருப்பவர் கூட்டலை மறுத்துவிட்டு அதே வீட்டில் இருக்கலாம். அதன்பிறகு நீங்கள்தான் ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேணும். நம் பெற்றோர் இன்னமும் 'றெஜி' என்று சொல்லும் இடம்தான் அது, 2020 ஆகஸ்ட் 31 முதல் வேறு பெயர். எவ்வளவு கூட்டலாம் என்று கணக்குப் போடும் கருவி அதன் தளத்திலேயே இலவசமாக இருக்கு. டீல்செக்கைத் திறக்கும் முன்னே அதைத் திறவுங்கள்.

"அப்ப எழுப்பிவிட்டு நாங்களே இருப்பம்" என்பவர்களுக்கு: உங்களுக்கோ, பெற்றோருக்கோ, பிள்ளைகளுக்கோ என்றால் வீட்டைத் திரும்பப் பெறக் கேட்கலாம். ஒரு வருட லீஸ் என்றால் அது முடிய ஆறு மாதத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேணும். 65 வயது தாண்டிய, பத்து வருடம் அங்கேயே இருந்த, வருமானம் குறைந்த ஒருவரை எழுப்புவது 2024 ஜூனில் இருந்து பெரும்பாலும் நடக்காது. நம் ஆட்களுக்கென்றே எழுதியது போல இன்னொரு விதியும் உண்டு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து, அல்லது மச்சானும் நீங்களும் சேர்ந்து ஒரு டுப்ளெக்ஸைப் பிரிக்காத பங்காக வாங்கினால், அதில் வாடகைக்கு இருப்பவரை எழுப்பி உங்களில் ஒருவர் குடிபோக முடியாது. கூட்டு உரிமையாளர் கணவனோ மனைவியோ மட்டும் என்றால்தான் முடியும். சிவில் கோட் 1958ஆம் பிரிவு. எந்த ஆப்பிலும் இதை நான் பார்த்ததில்லை. சேர்ந்து வாங்க நினைப்பவர்கள் நொத்தாரிசிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

இந்தச் சட்டங்களைத் திட்டும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். திட்டும்போது ஒன்றை யோசியுங்கோ. அம்மா அப்பா வந்திறங்கி கோட்-டெ-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் அப்பார்ட்மென்ட்களில் இருந்த காலத்தில், வீட்டுக்காரர் மாறியும் நாம் அதே பள்ளிக்கூடத்துக்குத் தொடர்ந்து போனது இதே சட்டத்தின் தயவில்தான். ஆப்பில் 'வாடகை உயரும் வாய்ப்பு' என்று ஒரு கட்டத்தில் தெரிவது அங்கே ஒரு வீட்டுச் சமையலறை. அதனால் என் வழக்கம், இப்போதைய லீஸில் உள்ள தொகையை மட்டும் ஆப்பில் போடுவது. அந்தத் தொகையில் வீடு தன்னைத் தானே தாங்கினால் வாங்கலாம். தாங்காவிட்டால் விற்பவர் விலையைக் குறைக்கட்டும்.

தண்ணீரையும் சொல்லாமல் விட முடியாது. 2024 ஆகஸ்ட் 9இல் டெபி புயலின் மிச்சம் வந்தபோது விமான நிலையத்தில் ஒரே நாளில் 150 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் ஊரில் பேஸ்மென்ட்களுக்குள் வந்த தண்ணீர் ஆற்றிலிருந்து வரவில்லை, சாக்கடைக் குழாய் வழியாக மேலே வந்தது. ஆகவே ஆற்று வெள்ள வரைபட ஆப்பில் அந்தத் தெரு சுத்தமாகத்தான் தெரியும். விற்பவர் நிரப்பும் அறிவித்தல் படிவத்தில் தண்ணீர் பற்றிய பக்கத்தை முதலில் வாசியுங்கள். முகவர் இல்லாத விற்பனை என்றால் அதே படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். குழாயில் எதிரோட்டத்தைத் தடுக்கும் வால்வு இருக்கா, 'சாக்கடைப் பின்னேற்றம்' காப்புறுதியில் சேருமா, எவ்வளவு தொகை வரை, என்று விலை பேசும் முன்பே காப்புறுதிக்காரரிடம் கேளுங்கள்.

டேப்லெட் வீடு பார்க்கப் போகும்போதுதான் பயன். பேஸ்மென்ட் சுவர் அடிகளையும் மின்பெட்டியையும் படம் எடுங்கள், லீஸை அதிலேயே ஸ்கேன் பண்ணுங்கள். மேஜிக்பிளான் கமராவாலேயே அறை அளவெடுத்து வரைபடம் போட்டுத் தரும், இதுவும் மொன்றியல் பிள்ளைதான். என் மகள் அதை வைத்து எங்கள் வீட்டையே வரைந்து தன் அறை தம்பியின் அறையைவிடச் சின்னது என்று நிரூபித்துவிட்டாள். அது வேறு வழக்கு.

வரிக்கு இரண்டு கட்டம் வேணும், நகரசபை வரி ஒன்று, பள்ளி வரி ஒன்று. வாங்கும் வருடத்தில் 'வரவேற்பு வரி'யும் வரும். வாங்கிய பிறகு, ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி முடிவதற்குள் வாடகைக்கு இருப்பவருக்கு றெலவே 31 கொடுக்க வேணும். போன் நாட்காட்டியில் இப்போதே போட்டுவையுங்கள், அதற்குத் தனி ஆப் தேவையில்லை.

கொண்டோ வாங்குபவர்கள் சங்கத்தின் சேமிப்பு நிதியை எப்படி வாசிப்பது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த மாதம் எழுதுகிறேன்.