மௌத்துக்குப் பிறகு வரும் கடதாசி



நமது பாடசாலையில் தரம் 7இல் படிக்கும் ஒரு பிள்ளையின் வாப்பா லொறி மோதி வபாத்தானார். ஜனாஸா கிடைக்கத் தாமதமானபோது ஆஸ்பத்திரிக்கும் பொலிசுக்கும் போய் அவசரப்படுத்தியவர்களில் நாமும் இருந்தோம். "சந்தேகம் ஒன்றும் இல்லை, விபத்துத்தான் என்று சொல்லுங்கள், கெதியாகத் தருவார்கள்" என்று அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுத்ததும் நாம்தான்.

மனைவி இத்தாவில் இருந்த மூன்றாவது வாரம் லொறிக்காரர் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். ஐம்பதாயிரம் ரூபாய், கூடவே சிங்களத்தில் ஒரு கடதாசி. பிள்ளையின் மாமா கையொப்பம் வைக்கச் சொன்னார், அந்தச் சகோதரியும் வைத்துவிட்டார். இனி எதுவும் கேட்கமாட்டோம் என்பதுதான் அதில் இருந்தது என்று பிறகுதான் தெரிய வந்தது.

2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளை இழந்தோம். 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் போன மத்ரஸா மாணவர்களை இழந்தோம். ஊரே அழுதது, ஊரே உதவியது. ஆனால் இந்தக் குடும்பங்களுக்குச் சட்டப்படி என்ன உரிமை இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

"மையித்தை வைத்துக் காசு பார்ப்பதா? எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்கிறோம். மௌத் அல்லாஹ்வின் நாட்டம்தான். அதற்காக மனிதனின் கவனயீனத்துக்குப் பொறுப்பு இல்லாமல் போகாது. தவறுதலாகக் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு தியத் கொடுக்க வேண்டும் என்று ஸூரா அந்நிஸாவின் 92ஆவது வசனம் விதிக்கிறது. விட்டுக்கொடுப்பதும் அந்தக் குடும்பத்தின் உரிமை. ஆனால் தெரிந்து மன்னிப்பது வேறு, தெரியாமல் கையொப்பம் வைப்பது வேறு. யத்தீமின் பங்கை மாமா எப்படி மன்னிப்பது?

நாட்டுச் சட்டத்திலும் வழி இருக்கிறது. பொலிஸ் போடும் வழக்கோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் குடும்பம் தனியாக வழக்குப் போடலாம். முன்பு உழைத்துத் தந்தவரின் வருமானம் போன நட்டத்தைத்தான் பிரதானமாகக் கேட்க முடிந்தது. உழைக்காத பிள்ளை மௌத்தானால் பெற்றோருக்குக் கேட்க அதிகம் எதுவும் இருக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றியது. அன்பையும் அரவணைப்பையும் இழந்ததற்கும் இப்போது நட்டஈடு கேட்கலாம்.

ஆனால் காலம் காத்திருக்காது. நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக இரண்டு வருடம்தான். பொலிஸ் காவலில் நடந்த மரணம் போல அரச அதிகாரிகள் அடிப்படை உரிமையை மீறியிருந்தால், உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரே ஒரு மாதம்தான். இத்தாவே நான்கு மாதமும் பத்து நாளும். அந்தச் சகோதரி வீட்டில் இருக்கும்போது அவருக்காக ஓட வேண்டியவர்கள் யார்?

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்பதும் முடிவல்ல. 1978ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறது. நாட்டின் பல பகுதிகளில் அதற்கு நிலையங்கள் இருக்கின்றன. வேலைத்தளத்தில் நடந்த மரணம் என்றால் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகலாம்.

நமது பள்ளிவாசல்களில் சந்தூக்கு இருக்கிறது, கபன் துணி இருக்கிறது, குழி வெட்ட ஆள் இருக்கிறது. இவற்றோடு சட்டம் தெரிந்த ஒருவரின் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும் என்பதே நமது கருத்து. ஜனாஸாக் குழுவில் ஒருவர் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மரண விசாரணை அறிக்கை, பிரேத பரிசோதனை அறிக்கை, வாகனத்தின் காப்புறுதி விபரம் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பைலில் போட்டுக் கொடுத்தால் போதும். சட்டத்தரணிக்குக் காட்டாமல் எந்தக் கடதாசியிலும் கையொப்பம் வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்ல வேண்டும். ஜனாஸாவைச் சீக்கிரம் அடக்குவது நமது கடமைதான். அதற்காகப் பரிசோதனையை அரைகுறையாக முடிக்கச் சொல்லி நாமே நெருக்கக் கூடாது.

அந்தப் பிள்ளை இப்போதும் வகுப்பில் இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறது. இந்த வருடம் அதற்குக் கொப்பிகள் வாங்கிக் கொடுத்தது நமது ஆசிரியர் குழு. ஸதகா என்று பெருமைப்பட முடியவில்லை. அதன் உரிமையைக் கைவிட்டவர்களில் நாமும் இருக்கிறோம்.

உங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இந்த ஜும்ஆவுக்குப் பிறகு இதைப் பேசுங்கள். அல்லாஹ் நம்மைப் பொருந்திக்கொள்வானாக.