சட்டைப் பைக்குச் சட்டம் உண்டு; செல்போனுக்கு?

எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆந்திரா. தடாவுக்கும் ஸ்ரீசிட்டிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது அன்றாட வழி. அங்கே லாரியை நிறுத்துகிறார்கள், மூட்டையைப் பிரிக்கிறார்கள். கஞ்சாக் கடத்தலைத் தடுக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. அந்த விஷத்துக்குப் பலியாவது நம் பிள்ளைகளே!

ஆனால் மூட்டையைத் திறப்பது வேறு, செல்போனைத் திறப்பது வேறு. 2021 அக்டோபரில் ஐதராபாத்தில் நடந்ததைப் பாருங்கள். ரோட்டில் போனவர்களைப் போலீசார் மறித்தார்கள். போனைத் திறக்கச் சொல்லி, வாட்ஸ்அப்பில் 'கஞ்சா' என்ற சொல்லைத் தேடினார்கள். கேள்வி எழுந்தபோது, "வற்புறுத்தவில்லை, மக்களே ஒத்துழைக்கிறார்கள்" என்பது போலச் சமாதானம் சொன்னார்கள். லத்தி பிடித்தவர் கேட்கக் கூலிக்காரன் நீட்டுவது சம்மதமா? ஷிப்டுக்கு நேரமாகிறது, அரை நாள் கூலி போய்விடும் என்ற பயத்துக்குச் சம்மதம் என்று பெயரா? நாளை எளாவூரில் இது நடக்காதென்று யார் உத்தரவாதம் தருவார்?

செல்போனில் என்ன இருக்கிறது? மனைவியின் குரல், பிள்ளையின் படம், வைத்தியச் சீட்டு, பாங்குக் கணக்கு. அதோடு சங்கத் தோழர்களின் பேச்சு. கூட்டத்துக்கு வந்தவர் யார், வேலைநிறுத்த நோட்டீசு எப்போது என்பதெல்லாம் அதில் உண்டு. ஒருவன் போனைத் திறந்தால், குழுவிலுள்ள அத்தனை பேரும் அம்பலமாகிறார்கள். அந்தச் சேதி நிர்வாகத்தின் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

2017 ஆகஸ்ட் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். 1985-ம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சா இருப்பதாகச் சந்தேகித்து ஒருவரின் உடலைச் சோதிப்பதானால், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கும்படி கேட்க அவருக்கு 50-வது பிரிவு உரிமை தருகிறது. சட்டைப் பைக்கே இந்தக் காவல் என்றால், வாழ்க்கை முழுவதும் அடங்கிய செல்போனுக்கு ஏன் இல்லை?

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2014-ல், கைதானவரின் போனைக்கூடப் பொதுவாக வாரண்டு இல்லாமல் சோதிக்கக் கூடாது என்றது. ஆனால் அதே நாட்டின் எல்லை அதிகாரிகள், பயணிகளின் போனை வாரண்டு இல்லாமலே திறக்கிறார்கள். எல்லை என்றதும் உரிமை சுருங்கிவிடுகிறது! எளாவூரோ தேச எல்லையல்ல. நாடெங்கும் நடமாட அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு நமக்கு உரிமை தந்திருக்கிறது.

"குற்றமற்றவனுக்குப் பயமென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். அப்படியானால் முதலாளிகளின் கணக்குப் புத்தகங்களைத் தொழிலாளி முன் விரிக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்!

தோழர்களே, போனுக்கு எண் பூட்டுப் போடுங்கள். திறக்கச் சொன்னால், எந்தச் சட்டப்படி என்று மரியாதையாகக் கேளுங்கள், கைகலப்பு வேண்டாம். பறித்துக்கொண்டால் மகஜர் நகல் கேளுங்கள். சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது, 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு. அதிகாரியின் பெயரையும் நேரத்தையும் குறித்து, அன்றே சங்கத்தில் சொல்லுங்கள்.

நீதிபதியின் உத்தரவு இல்லாமல் எவருடைய செல்போனையும் திறக்கக் கூடாது என்று தெளிவான சட்டம் வேண்டும். ஒற்றை ஆளாகச் சாவடியில் நிற்பவனால் இதைக் கேட்க முடியாது. ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் ஒன்றுபட்டு நிற்பவர்களால் முடியும்.