அமைதியான தலைமையா, அமைதியாக்கப்பட்ட தலைமையா?

தலைமைப் பண்புப் பயிற்சிகளில் ஒரு பாடம் தவறாமல் வரும். சிலர் உரக்கப் பேசி வழிநடத்துவார்கள், சிலர் அமைதியாக வழிநடத்துவார்கள். அது அவரவர் இயல்பு என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பாடத்தில் சாதி எங்கே?

ஆதிக்கச் சாதி அதிகாரி குரலை உயர்த்தினால் "கறாரானவர்". தலித் அதிகாரி உயர்த்தினால் "கோட்டாவில் வந்தவனுக்குத் திமிரைப் பார்". அவர் பேசாமல் இருந்தால் பக்குவம். நாம் பேசாமல் இருந்தால் "விஷயம் தெரியாது".

2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் என்ன நடந்தது? மக்கள் தேர்ந்தெடுத்த தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். படம் வெளியான பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அதுவரை அவர் காத்த அமைதியை "இயல்பு" என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

அம்பேத்கரைப் பாருங்கள். இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டது உள்ளிட்ட காரணங்களால் 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். விலகல் அறிக்கையின் நகலை முன்கூட்டியே கேட்டபோது, அது தணிக்கை என்று அவையிலிருந்து வெளியேறினார். அறிக்கையைப் பத்திரிகைகளிடம் கொடுத்தார். இது உரத்த தலைமையா, அமைதியான தலைமையா? எங்கே பேசுவது, எப்படிப் பேசுவது என்பதை அவரே தீர்மானித்தார். விஷயம் அவ்வளவுதான்.

தோழர்களே, வேலையிடத்தில் பேசுவதும் பேசாமல் இருப்பதும் உங்கள் முடிவாக இருக்கட்டும். பேசவிடாத கூட்டம் என்றால் எழுதிக் கொடுங்கள். நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.