பாங்கு ஒலிக்கிறது, கல்லா கேட்கிறதா?

வெள்ளவத்தைக் காலி வீதியில் மாலை ஆறு மணி என்றால் வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். வேலை முடிந்து வருபவர்கள், கலியாணத்துக்குச் சேலை எடுக்க வருபவர்கள் என்று கடை நிறைந்திருக்கும். மஃரிப் பாங்கும் அந்த நேரத்தில்தான். பல வருடங்களாக நான் பாங்கைக் காதால் கேட்டுக் கொண்டு, கையால் துணி அளந்து கொண்டிருந்தவன். வீட்டுக்குப் போய்க் கழாச் செய்து கொள்ளலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்வேன்.

ஒருநாள் பக்கத்துக் கடைத் தமிழ்ச் சகோதரர் சில்லறை மாற்ற வந்தார். "நானா, உங்கட பள்ளியில பாங்கு சொல்லேக்கதான் நான் சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்திறனான். நீங்க இன்னும் போகேல்லையோ?" என்று கேட்டார். குத்திக் காட்டும் நோக்கம் அவருக்கு இல்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை. நம் பாங்கு அவருடைய கடையில் வேலை செய்கிறது, என் கடையில் வேலை செய்யவில்லை.

2007ஆம் ஆண்டு வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பான வழக்கில், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது என்பது அதன் பொதுவிதி. கொழும்பில் வருடம் முழுவதும் ஸுபஹ் பாங்கு 6 மணிக்கு முன்னரே சொல்லப்படுவதால் நம் சமூகம் கவலைப்பட்டது. கவலை நியாயமானதே. ஆனால் அன்று கவலைப்பட்ட வியாபாரிகளில் எத்தனை பேர் ளுஹருக்கும் அஸருக்கும் கல்லாவை விட்டு எழுந்தோம்?

ஒலிபெருக்கி நேற்று வந்த கருவி. மதீனாவில் தொழுகைக்கு அழைப்பது எப்படி என்ற ஆலோசனையில் மணியும் ஊதுகொம்பும் பேசப்பட்டு, முடிவில் மனிதக் குரலே தெரிவானது. பிலால் (ரலி) அவர்கள் வெறும் குரலால் அழைத்தார்கள். கேட்டவர்கள் எழுந்து வந்தார்கள். பாங்கின் பலம் அந்த எழுந்து வருவதில்தான் இருக்கிறது.

கொட்டாஞ்சேனையைப் பாருங்கள். தேவாலயம், கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அங்கேதான் 1883ஆம் ஆண்டு ஈஸ்டர் தினத்தில், புனித லூசியா தேவாலயத்துக்கு அருகே வந்த பௌத்த ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. மதங்கள் நெருங்கி வாழும் ஊரில் ஒருவர் சத்தத்தை மற்றவர் பொறுத்துக் கொள்வது சிறிய காரியமல்ல. நம் அயலவர் தினமும் ஐந்து முறை அதைச் செய்கிறார். அந்த அழைப்பு எதற்காக என்பதை அவர் நம் கடையில் பார்க்க வேண்டாமா?

"கடையைப் பூட்டினால் நட்டம்" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். கொழும்பில் ளுஹர் வக்து 11.55க்கும் 12.25க்கும் இடையில் தொடங்கி, பிற்பகல் 3 மணி தாண்டும் வரை இருக்கிறது. பகல் சாப்பாட்டுக்குப் பையன்களை இரண்டு பிரிவாக அனுப்பும் நமக்குத் தொழுகைக்கும் அப்படி அனுப்ப முடியாதா? மஃரிப் வக்து ஏறத்தாழ ஒரு மணி பத்து நிமிடம். அதிலும் இரண்டு பிரிவு போய் வரலாம். வாடிக்கையாளருக்கு ஒரு கதிரையும் ஒரு பிளேன்டியும் கொடுத்தால் பதினைந்து நிமிடத்தில் யாரும் ஓடிவிட மாட்டார்கள்.

1996இல் மின்வெட்டுக் காலத்தில் அரசாங்கம் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. பிறகு அதை அரை மணியாக்கியது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பினோம். ஒவ்வொரு முறையும் கடை திறக்கும் நேரத்தை மாற்றினோம். யாரும் வியாபாரம் அழிந்துவிட்டது என்று அழவில்லை. அரசாங்கம் சொன்னதற்கு மாறத் தெரிந்த நமக்கு, அல்லாஹ்வின் அழைப்புக்கு மட்டும் ஏன் வாய்தா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை நாம் ஜும்ஆவுக்குப் போகையில் கடையைத் திறந்து வைத்திருப்பது பெரும்பாலும் தமிழ், சிங்களப் பிள்ளைகள்தான். ஆடிவேல் இரதம் காலி வீதியால் வரும் நாளிலும், வெசாக் நாட்களிலும் அவர்களுக்கு முகம் சுளிக்காமல் லீவு கொடுங்கள். நமக்குக் கிடைக்கும் நேரத்துக்கு அதுவும் ஒரு நன்றிக்கடன்.

ஜும்ஆ அத்தியாயத்தில் அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விடும்படி சொன்ன இறைவன், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவன் அருளைத் தேடும்படியும் சொல்கிறான். கடையை நிரந்தரமாகப் பூட்டச் சொல்லவில்லை. ரிஸ்க் தருபவன் யார் என்பதை இடையில் ஒருமுறை நினைவுபடுத்துகிறான்.

இப்போது மஃரிப் பாங்கு கேட்டதும் நான் கல்லாச் சாவியை மூத்த பையனிடம் கொடுத்துவிட்டு இறங்குகிறேன். பக்கத்துக் கடையில் விளக்கு எரிந்து கொண்டிருக்கும். அன்றைய வியாபாரம் குறைந்ததாக என் கணக்குப் புத்தகம் இதுவரை சொல்லவில்லை. குறைந்தாலும் பரக்கத் அவன் கையில்.

பாங்கைக் கேட்கும் காதோடு, எழுந்து செல்லும் கால்களையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.